பாழுங்கிணறு தூர்த்தவர்களுக்கு ஐந்துக்கு மூன்றரை

கிணறு தூர் வாருகிறவர்களைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர். கிணறு தூர்க்கிறவர்களை, அதாவது மண் போட்டு மூடுகிறவர்களைப் பற்றி, நான் தேடின அன்றைக்கு ஒருத்தரும் எழுதியிருக்கவில்லை. யாராவது எழுதியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பணமும் இரண்டு வாரத் தூக்கமும் மிஞ்சியிருக்கும். வேலை முடிந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. இந்த மாதிரி வேலைக்கு முடிந்த மறுநாளே மார்க் போடக் கூடாது, ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று காத்திருந்தேன். மேஸ்திரியின் பெயரும் எண்ணும் இதில் இல்லை. நல்லதும் சொல்லப் போகிறேன், கெட்டதும் சொல்லப் போகிறேன். மனுஷன் பிழைத்துப் போகட்டும்.

இடம், லத்தேரிக்கும் கே.வி.குப்பத்துக்கும் நடுவில் என் மாமனார் நிலம். கிணறு அவருடைய அப்பா வெட்டியது. மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்தார்கள், பிறகு ஆயில் இன்ஜின், பிறகு கரண்ட் மோட்டார். 1990களில் போர் போட்டதும் கிணற்றைத் திரும்பிப் பார்க்கிறவர் இல்லை. வட்டக் கிணறு, 16 அடி விட்டம், 48 அடி ஆழம், மேல் 20 அடிக்குக் கருங்கல் கட்டு. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்ததே, விரிஞ்சிபுரம் தரைப்பாலத்தைக் கொண்டுபோனதே, அந்த மழையில் கிணறு வாய்வரைக்கும் நிரம்பியது. ஊரே வந்து எட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டது. தண்ணீர் இறங்கினபோது மேற்குப் பக்கக் கட்டு வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. அந்தப் பக்கம்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற ஒற்றையடிப் பாதை. கைப்பிடிச் சுவர் கிடையாது. 2024 பொங்கலுக்கு மறுநாள் ஒரு ஆடு விழுந்தது. ஆட்டை எடுத்துப் போட்டுவிட்டு என் மச்சான், "மாமா, நாலு பக்கமும் முள்ளு வெட்டிப் போட்டுட்டா ஆச்சு" என்றான்.

முள்ளால் மறைத்த பள்ளம் திறந்த பள்ளத்தைவிட மோசம். 2019 அக்டோபரில் மணப்பாறைப் பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தையை நாடே டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தது. அதுவும் ஏதோ ஒரு காலத்தில் 'மூடின' குழிதான்.

மழைநீர் சேகரிக்க விட்டிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: கேட்டுவிட்டார்கள். கட்டு நேராக இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

நான் காட்பாடிக்காரன். வேலை பார்த்தது ஜார்க்கண்டில், தன்பாத் பக்கத்து ஜரியா நிலக்கரி வயலில், 29 வருஷம், சுரங்க சர்வேயராக. லீவுக்கு வரும்போது போக்காரோ எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி படுத்து எழுந்தால் காட்பாடி. சர்வேயர் என்றதும் பட்டா அளக்கிறவர் என்று ஊரில் நினைத்துக்கொள்வார்கள். நான் அளந்ததெல்லாம் பூமிக்கு உள்ளே. எந்த அடுக்கில் எவ்வளவு தூரம் கரி வெட்டியாயிற்று, எங்கெங்கே தூண் விட்டிருக்கிறது, பக்கத்தில் யாரோ எப்போதோ வெட்டிவிட்டுப் போன பழைய சுரங்கம் இன்னும் எத்தனை மீட்டரில் இருக்கிறது. இந்தக் கடைசிக் கணக்குத் தப்பினால் ஆள் போய்விடும். ஆகவே பாழடைந்த குழி என்றால் எனக்குக் கொஞ்சம் பயம் அதிகம் என்பதையும் சேர்த்துக்கொண்டு இந்த விமர்சனத்தைப் படியுங்கள். மேஸ்திரி என்னைக் "கஸ்டமர் இல்ல சார், நீங்க இன்ஸ்பெக்டர்" என்று சொன்னதில் நியாயம் உண்டு.

மேஸ்திரியைக் காட்பாடியில் கட்டடச் சாமான் கடைக்காரர் சொல்லி விட்டார். சொன்ன நாளைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்தார். இதற்கே அரை மார்க் கொடுக்கலாம், நம் பக்கம் அது அவ்வளவு அபூர்வம். கிணற்றைச் சுற்றி ஒரு நடை நடந்தார். டேப் எடுக்கவில்லை. எட்டிப் பார்த்தார், எச்சில் துப்பினார், இரண்டு விலை சொன்னார்.

முதல் விலை 28,000. "பத்தடி ஆழத்துல குறுக்கால தென்னங்கட்டை அடுக்கிடலாம் சார். அதும்மேல கடப்பாக் கல்லு. அதும்மேல எட்டு லோடு மண்ணு. மேல செடி வெச்சிட்டீங்கன்னா கிணறு இருந்ததே தெரியாது."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் பழைய நிலக்கரிச் சுரங்கங்களின் சாணக்குகளை (சாணக் என்றால் அந்தப் பக்கத்துப் பேச்சில் நேராக இறங்கும் குழி) ஒரு காலத்தில் இப்படித்தான் மூடினார்கள். ஜரியாவில் மட்டும் இல்லை, இங்கிலாந்திலேயே அப்படித்தான். வாயிலிருந்து சில அடி கீழே மரத்தை இடுக்கி, மேலே மண்ணைப் போட்டு, புல் முளைத்ததும் போய்விடுவார்கள். மரம் இருபது, முப்பது, ஐம்பது வருஷம் தாங்கும். அதற்குள் அங்கே ஒரு வீடோ, சாலையோ, விளையாட்டுத் திடலோ வந்திருக்கும். ஒரு நாள் மரம் உளுத்து விடும். ஜரியா இந்திரா சவுக்கில் 2017 மே மாதம் கடைத்தெருவில் நின்றுகொண்டிருந்த மகன் காலடியில் மண் வாய் பிளந்தது, பிடிக்கப் போன அப்பாவும் சேர்ந்து போனார். அது மரம் உளுத்ததால் அல்ல, கீழே எரிந்த தீ குடைந்ததால். ஆனால் மேலே நிற்கிறவனுக்கு என்ன வித்தியாசம்? கிணறு இருந்ததே தெரியாது என்று மேஸ்திரி பெருமையாகச் சொன்னார் பாருங்கள், எனக்கு வேண்டாதது அதுதான்.

இரண்டாவது விலை, முழுக்கத் தூர்க்க 72,000. 25 லோடு கிராவல், லோடு 2,300 வீதம் 57,500. மீதி ஜேசிபியும் ஆள் கூலியும். நான் கால்குலேட்டர் எடுத்தேன். 16 அடி விட்டம் என்றால் வாய்ப்பரப்பு 201 சதுர அடி. 48 அடி ஆழத்துக்கு 9,650 கன அடி சொச்சம், அதாவது 96 யூனிட்டுக்கு மேல். மூன்று யூனிட் டிப்பரில் 32 லோடு. அதுவும் மண் இறுகாமல் அப்படியே நின்றால். டிப்பரில் வருகிற மண் பொலபொலவென்று வரும், குழியில் போய் இறுகும். ஐந்தில் ஒரு பங்கு கூடப் போட்டுக்கொள்ள வேண்டும். 39, 40 லோடாவது ஆகும் என்றேன். மேஸ்திரி சிரித்தார். "இத்தினி கிணறு மூடியிருக்கேன் சார், கண்ணளவுதான்." கடைசியில் ஆனது 41 லோடு. அவர் கண்ணளவுக்குச் சேவை மதிப்பெண்ணில் ஒன்று கழிக்கிறேன்.

வேலைக்கு வந்தவர்கள் ஆரணிப் பக்கத்து ஆட்கள் ஐந்து பேர். நல்ல உழைப்பாளிகள், விடியற்காலை ஆறு மணிக்கே வந்துவிட்டார்கள். அடியில் பழைய மோட்டார் பைப்பும் இரும்பு ஏணியும் கிடந்தன. அதை எடுத்துக்கொள்ளலாம், இரும்பு விலை அவர்களுக்கு என்று பேச்சு. அதில்தான் இந்த வேலையிலேயே மோசமான அரைமணி நேரம் வந்தது.

அடியில் ஐந்தடித் தண்ணீர், சேறு, பத்து வருஷத்து வேப்பிலைச் சருகு. தண்ணீரை இறைக்கச் சின்ன டீசல் இன்ஜினைக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி, பாதியில் மேடை கட்டி ஓட்டுவதாக ஏற்பாடு. ஹோஸ் நீளம் பத்தாதாம். ஒரு பையன், இருபது வயது இருக்கும், அரைஞாண் கயிறு தெரிய லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கத் தயாராக நின்றான். நான் வேண்டாம் என்றேன். "ஒண்ணும் ஆகாது பெரிப்பா, டெய்லி இறங்குறதுதானே" என்றான்.

டெய்லி இறங்குகிறவன்தான் ஒரு நாள் ஏறாமல் போகிறான். அரிக்கன் விளக்கு ஒன்றை ஏற்றிக் கயிற்றில் விட்டோம். முப்பது அடியில் சுடர் சிறுத்தது. நாற்பதுக்குள் அணைந்தது. மறுபடி ஏற்றி விட்டோம், மறுபடி அதே இடத்தில். அதுவரை என்னைக் கிறுக்கன் என்று நினைத்த பையன் மடித்த லுங்கியை இறக்கி விட்டுக்கொண்டான்.

இதை விளக்கமாகச் சொல்கிறேன், கிணறு வைத்திருக்கிற யாருக்கும் உதவும். மக்குகிற சருகு காற்றிலிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிட்டுக் கரியமில வாயுவைக் கக்கும். அது காற்றைவிடக் கனம், அடியில் படுத்துக்கொள்ளும். மூடிய நிலக்கரிச் சுரங்கத்தில் இதையே கரி செய்யும். வெட்டாமல் விட்ட கரித் தூண்கள் சும்மா இருப்பதில்லை, ஆக்சிஜனை இழுத்துக்கொண்டே இருக்கும். நாம் மூச்சுவிடும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அது 16, 17க்கு இறங்கினால் விளக்கு அணையும், இன்னும் இறங்கினால் ஆள். 1815இல் டேவி என்ற இங்கிலாந்து விஞ்ஞானி கண்டுபிடித்த கம்பிவலை விளக்கைச் சுரங்கத்து மீத்தேன் வாயு பற்றி வெடிக்காமல் இருக்கத்தான் செய்தார்கள். நாங்கள் இந்தக் கெட்ட காற்றைக் கண்டுபிடிக்கவும் அதையே தரையோடு தரையாகப் பிடித்துப் பார்ப்போம்.

ஆனால் விளக்கு எரிகிறதே என்று நம்பிவிடவும் கூடாது. கார்பன் மோனாக்சைடு விளக்கை அணைக்காது. நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காருகிற இடத்தில் இருநூறு மடங்குக்கு மேல் பலமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். சுரங்கத் தீயில் வருவது அது. அதற்குத்தான் அந்தக் காலத்தில் கூண்டில் குருவி கொண்டுபோனார்கள். கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுகிற டீசல் இன்ஜின் கக்குவதும் அதுவேதான். கெட்ட காற்று படுத்திருக்கிற குழிக்குள் இன்னொரு விஷத்தையும் இறக்கிவிட்டு ஆளையும் இறக்குவது என்றால் என்ன சொல்வது. பழைய சுரங்கங்களுக்கு இன்னொரு குணம் உண்டு, அவை மூச்சுவிடும். வெளியே காற்றழுத்தம் குறைகிற நாளில், மழைக்கு முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே இருக்கிற வாயு வெடிப்புகள் வழியாக மேலே வரும். நேற்று நன்றாக இருந்த இடம் இன்று ஆளைச் சாய்க்கும். எனவே முந்தின நாள் சோதனை செல்லாது.

மேஸ்திரியைப் பற்றி நல்லது சொல்ல வேண்டிய இடமும் இதுதான். சொன்னதும் கேட்டுக்கொண்டார், முகம் சுளிக்கவில்லை. லத்தேரிக்கு ஆள் அனுப்பி நீள ஹோஸ் வாங்கி வந்து இன்ஜினைக் கரையில் வைத்தே ஓட்டப் பார்த்தார். அவ்வளவு ஆழத்திலிருந்து அது உறிஞ்சவில்லை. பிறகு கரண்ட் சப்மெர்சிபிள் ஒன்றை வாடகைக்கு எடுத்து விட்டார். இரும்பை விட்டுவிடலாம் என்று நான் சொன்னபோது கிழவர் ஒருத்தர், வேப்பங்கொத்து பெரிதாகக் கட்டிக் கயிற்றில் விட்டு ஒரு மணி நேரம் மேலும் கீழும் ஆட்டினார். காற்று கலையும் என்றார். கலைந்தது, விளக்கு அடிவரைக்கும் எரிந்தது. இருந்தாலும் யாரையும் இறங்க விடவில்லை. இரும்பு விலைக்கு என் கையிலிருந்து 1,500 கொடுத்தேன். ஏணி இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

மண் வர ஆரம்பித்தது. முதல் ஆறு லோடு உடைத்த கருங்கல்லும் ஜல்லியும். ஊற்றுத் தண்ணீர் அடியில் ஓடுவதற்கு வழி வேண்டுமே. ஏழாவது டிப்பர் வந்து நின்றபோதே வாடை. தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தால் கட்டட இடிபாட்டோடு தோல் சீவல், நீல நிறத்தில், மூட்டை மூட்டையாக. நம் மாவட்டத்தில் பள்ளம் இருக்கிறது என்று தெரிந்தால் தோல் கழிவு வீடு தேடி வரும். டிரைவருக்கு இரண்டு பக்கமும் கூலி. திருப்பி அனுப்பினேன். மேஸ்திரி தனக்குத் தெரியாது என்றார். தெரிந்திருக்கும்.

எங்கள் குடிதண்ணீர் போர் அங்கிருந்து 150 அடி. ராணிப்பேட்டையில் 1990களில் மூடிய குரோமேட் தொழிற்சாலை லட்சம் டன்னுக்கு மேல் கழிவை மலையாகக் குவித்துவிட்டுப் போனதும், மழைக்கு மழை அதிலிருந்து மஞ்சள் தண்ணீர் வடிந்ததும் இங்கே எல்லாருக்கும் தெரியும். தோல் பதனிடும் கழிவுக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றம் கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிற ஊர்க்காரர்கள் நாம், டிப்பரில் தோல் ஏற்றிக்கொண்டு திரிகிறோம்.

நிலக்கரியில் தண்ணீர் கெடுவது வேறு விதம். கரியோடு சேர்ந்து கந்தகமும் இரும்பும் கலந்த பைரைட் என்ற கனிமம் இருக்கும். பூமிக்குள் இருக்கிறவரை சாது. சுரங்கம் வெட்டிக் காற்றும் தண்ணீரும் பட்டதும் கந்தக அமிலம் ஆகிவிடும். சுரங்கம் ஓடுகிறவரை பம்ப் ஓடும். மூடினால் பம்பும் நிற்கும், நிலத்தடி நீர் ஏறும், எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு எங்காவது ஓடைக்கரையில் ஆரஞ்சு நிறத்தில் எட்டிப் பார்க்கும். ஜரியா கரியில் கந்தகம் குறைவு, அந்த வகையில் நாங்கள் தப்பினோம். மேகாலயா கரியில் அதிகம். அங்கே ஜயந்தியா மலையில் எலிவளை மாதிரிக் குடைந்து குடைந்து விட்டுப் போன ஆயிரக்கணக்கான குழிகளின் தண்ணீர் வந்து சேர்கிற லூக்கா ஆறு குளிர்காலத்தில் நீலமாகிவிடும். பார்க்க அழகு. மீன் கிடையாது.

இனி இறுக்குவது. இதில்தான் நானும் மேஸ்திரியும் நிஜமாகச் சண்டை போட்டோம். அவர் வழக்கம், டிப்பரைப் பின்னால் நகர்த்திக் கொட்டு, ஜேசிபியால் தள்ளு, அடுத்த டிப்பர். ஒரே நாளில் முடித்துவிடலாம். நான் நான்கடி மண்ணுக்கு ஒரு தடவை தண்ணீர் விட்டு ஒரு ராத்திரி ஊற விட வேண்டும் என்றேன். கிணற்றுக்குள் ரோலர் விட முடியாது, மண்ணை இறுக்கத் தண்ணீர்தான் வழி. தாமோதர் ஆற்று மணலைத் தண்ணீரோடு கலந்து குழாயில் விட்டு, கரி எடுத்த வெற்றிடத்தை நாங்கள் நிரப்பியது அப்படித்தான். நிரப்பின இடம் நின்றது. மணல் செலவு என்று நிரப்பாமல் விட்ட இடம்தான் இன்றைக்கும் ஊரை விழுங்கிக்கொண்டிருக்கிறது.

அது எப்படி என்றால், கரி அடுக்கை மொத்தமாக வெட்ட மாட்டார்கள், கூரை தாங்கத் தூண் தூணாகக் கரியை விட்டு வெட்டுவார்கள். போகிற போக்கில் அந்தத் தூண்களையும் சீவி எடுத்துக்கொள்வது உண்டு. ஆள் போன பிறகு பாரம் தாங்காமல் தூண் நசுங்கும், கூரை விழும், அந்த வெடிப்பு மேலே ஏறி ஏறித் தரைக்கு வரும். வெடிப்பு வழியாகக் காற்று இறங்கும். நசுங்கின கரிக்குக் காற்றுப் பட்டால் தானே சூடேறித் தானே பற்றும், யாரும் தீக்குச்சி கிழிக்க வேண்டாம். ஜரியாவில் முதல் தீ பதிவானது 1916இல். 1970களில் சுரங்கங்களை அரசு எடுத்துக்கொண்டு கணக்குப் பார்த்தபோது 70 இடங்களில், 17 சதுர கிலோமீட்டருக்கு மேல் எரிந்துகொண்டிருந்தது. நீறு பூத்த நெருப்பு என்று நாம் பேச்சுக்குச் சொல்வோம். அங்கே அதன்மேல் வீடு கட்டிக் குடியிருந்தார்கள். பனிக்காலத்தில் விடியற்காலை லெவல் பார்க்கப் போனால், சுற்றிலும் புல்லில் பனி நிற்கும், ஒரு திட்டில் மட்டும் நிற்காது. அந்தத் திட்டை நோட்டில் குறித்துக்கொள்வோம். அங்கே வீடு இருந்தால் அந்த வீட்டுப் பாட்டி தரை கதகதவென்று முழங்கால் வலிக்குச் சுகமாக இருக்கிறது என்பாள்.

தீ பக்கத்தில் வந்ததால் தன்பாத்–சந்திரபுரா ரயில் பாதையையே 2017 ஜூனில் நிறுத்தினார்கள், 2019இல்தான் மறுபடி விட்டார்கள். ஆட்களை வேறிடம் கொண்டுபோக 2009இல் 7,112 கோடியில் ஒரு திட்டம், பெல்கடியாவில் வீடுகள். போனவர்களில் சிலர் அங்கே பிழைப்பு இல்லை என்று திரும்பி வந்து, மூடின வாயைத் திறந்து கரி எடுத்து, சைக்கிளில் மூட்டை கட்டித் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர்கள் திறந்த ஓட்டை வழியாக இன்னும் கொஞ்சம் காற்று உள்ளே போகும். குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது, அந்தக் கரியில் எங்கள் வீட்டிலும் சப்பாத்தி சுட்டிருக்கிறோம். 2025 ஜூனில் திருத்தின திட்டம் என்று 5,940 கோடிக்கு மறுபடி ஒப்புதல் ஆகியிருக்கிறது, இந்தத் தடவை பிழைப்புக்கும் தொழில் பயிற்சிக்கும் சேர்த்து.

இவ்வளவையும் மேஸ்திரியிடம் சொல்லவில்லை. "ஒரு நாள் வேலைக்கு இத்தனை நாள் கூலி யார் கொடுப்பது" என்பதுதான் அவர் கேள்வி, நியாயமான கேள்வி. கடைசியில் நான்கு நாள் என்று முடிந்தது. டேங்கர் தண்ணீர் என் செலவு. முதல் இரண்டு நாள் ஒழுங்காகச் செய்தார்கள். மூன்றாம் நாள் நான் பல் வலிக்கு வேலூர் போய்விட்டு மத்தியானம் திரும்பினால் ஒன்பது லோடு ஒரே மூச்சில் உள்ளே போயிருந்தது, மேலே மட்டும் ஈரம் காட்டி வைத்திருந்தார்கள். கடப்பாறையை விட்டேன், கைப்பிடிவரைக்கும் சரேலென்று இறங்கியது. மேஸ்திரி ஆகாயத்தைப் பார்த்தார்.

பில் 1,14,000. 41 லோடுக்கு 94,300, பேசின கூலி 14,500, ஜேசிபி கூடுதல் நான்கு மணி நேரம் 5,200. பேரம் பேசி 1,10,000 கொடுத்தேன். மேலே களிமண் போட்டு நடுவில் ஒன்றரை அடி மேடாக, தண்ணீர் வழிந்து ஓடுகிற மாதிரிக் கூம்பி விட்டார்கள். அந்த வேலை அருமை. கூம்பு பிடித்தவர் அந்த வேப்பங்கொத்துக் கிழவர்.

அன்றைக்கே மேட்டின் நடுவில் ஒரு இரும்பு முளை அடித்து, மோட்டார் கொட்டகைப் படியிலிருந்து டியூப் லெவல் பிடித்து உயரம் எழுதிக்கொண்டேன். மூன்று வாரத்தில் 7 அங்குலம் இறங்கியது. எதிர்பார்த்ததுதான். டிசம்பர் முதல் வாரம், ஃபெஞ்சல் புயல் மழை விட்டதும் போய்ப் பார்த்தேன். இன்னொரு 13 அங்குலம். மேடு போய்க் கிண்ணமாகி, அதில் தண்ணீர் நின்றது, தவளை இருந்தது. அந்த ஒன்பது லோடு தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. போன் போட்டேன். மேஸ்திரி எடுத்தார், மூன்றாம் நாள் இரண்டு லோடு மண்ணோடு வந்தார், காசு கேட்கவில்லை. வேலை முடிந்து ஆறு மாதம் ஆன கஸ்டமரின் போனை எடுக்கிற ஆள் என்பதால் கழித்ததில் அரை மார்க்கைத் திருப்பிக் கொடுக்கிறேன். அதற்குப் பிறகு 2025 ஆகஸ்ட்வரைக்கும் ஒன்றே முக்கால் அங்குலம்தான்.

எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமாக இருந்த ஒன்று எந்த மேஸ்திரியின் பில்லிலும் வராது. வரைபடம்.

1975 டிசம்பர் 27 தன்பாத் பக்கத்துச் சாஸ்நாலா சுரங்கத்தில், பழைய பகுதியில் தேங்கிக் கிடந்த தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்து 370 பேருக்கு மேல் செத்தார்கள். ராணிகஞ்ச் மகாவீர் சுரங்கத்தில் 1989 நவம்பரில் வேட்டு வைத்தபோது பழைய வெட்டில் துளை விழுந்து 71 பேர் மாட்டினார்கள்; ஜஸ்வந்த் சிங் கில் என்ற இன்ஜினியர் மேலிருந்து துளை போட்டு, எஃகுக் கூண்டில் தானே இறங்கி, 65 பேரை ஒவ்வொருவராக ஏற்றி அனுப்பினார். 2001 பிப்ரவரி 2, ஜரியாவிலேயே பாக்டிகி சுரங்கம். பக்கத்துப் பழைய சுரங்கத்துத் தண்ணீர், 29 பேர். நான் அப்போது வேறு குழியில் வேலை. அன்றைக்கு ராத்திரி எங்கள் ஆபீஸில் யாரும் பேசவில்லை, ஆளுக்கொரு பழைய பிளானை விரித்து வைத்துக்கொண்டு மறுபடி அளந்துகொண்டிருந்தோம். தண்ணீர் நிற்கிற பழைய வெட்டுக்கு 60 மீட்டர் கிட்டத்தில் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. விதி சரி. பழைய வெட்டு எங்கே முடிகிறது என்று காகிதம் தப்பாகச் சொன்னால் 60 மீட்டரை எங்கிருந்து அளப்பது? அமெரிக்காவில் குவீக்ரீக்கில் 2002 ஜூலையில் ஒன்பது பேர் மாட்டினதும் பழைய சுரங்கத்தின் சரியான வரைபடம் கைக்கு வராததால்தான். அவர்கள் 77 மணி நேரம் கழித்து உயிரோடு வந்தார்கள்.

அதனால் கிணற்றின் நடுப்புள்ளியை மூன்று இடத்திலிருந்து அளந்து கட்டினேன்: மோட்டார் கொட்டகையின் வடகிழக்கு மூலை, சர்வே கல், பாதையோரத்துக் கல்வெர்ட். விட்டம், ஆழம், உள்ளே என்ன போட்டிருக்கிறது, ஏணி உட்பட எல்லாம் எழுதிப் பத்திரத்தோடு ஒரு நகல். மகளுக்கு ஒன்று, மச்சானுக்கு ஒன்று. கிராம நிர்வாக அலுவலரிடம் ஒன்று கொண்டுபோனேன். புலப்படத்தில் இதை எழுத இடம் இல்லை சார் என்றார், டீ வாங்கிக் கொடுத்தார்.

காகிதத்தை நம்பாமல் கல்லும் நட்டாயிற்று. கே.வி.குப்பத்தில் கல் கொத்துகிறவரிடம் 16 அடி அகலம், 48 அடி ஆழம், 2024இல் தூர்த்தது, இதன்மேல் வீடு கட்டாதே என்று எழுதிக் கொடுத்தேன். அறுநூறு ரூபாய். அளவெல்லாம் சரியாகத்தான் கொத்தியிருக்கிறார். 'கிணரு' என்று இடையின ர போட்டுவிட்டார். மாற்றித் தரச் சொன்னால் இன்னொரு அறுநூறு என்றார், அப்படியே நட்டுவிட்டேன்.